வளைமட்டத்தில் நிற்கும் வீடுகள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. குளம், குளத்தின் கீழ் வயல், வீதியோரம் கடைகள், உள்ளொழுங்கைகளில் தென்னையும் வாழையும் நிற்கும் வளவுகள். 2009 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த முதலாவது 'பாதுகாப்பு வலயம்' இந்த வீதியின் வடபுறத்தில் இங்கிருந்து தேவிபுரம் வரை நீண்டது. பாடசாலையே அப்போது வைத்தியசாலை. அதன்மீதும் எறிகணை விழுந்தது. போர் முடிந்து முகாம்களிலிருந்து சனங்கள் திரும்பி வந்தபோது பல வளவுகளில் எஞ்சியிருந்தது கிணறும் அத்திவாரமும்தான்.

இன்று இங்குள்ள பல வளவுகளில் மூன்று காலத்துக் கட்டடங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். பின்பக்கத்தில் தகரக் கொட்டில். திரும்பி வந்த காலத்தில் போட்டது, இப்போது விறகும் நெல்மூட்டையும் வைக்கப் பயன்படுகிறது. நடுவில் ஓட்டுக்கூரையோடு இந்திய வீட்டுத்திட்ட வீடு. முன்பக்கத்தில், வீதியைப் பார்த்தபடி, மகளோ மகனோ மணமுடித்த பிறகு தொடங்கிய இன்னொரு வீடு. அது கூரை ஏறாமல் வளைமட்டத்தில் நிற்கிறது. கல்லுச் சுவருக்குப் பூச்சில்லை, நிலைகளுக்குக் கதவில்லை, தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டு நிற்கும் முறுக்குக் கம்பி துருவேறிச் செம்மஞ்சளாகிவிட்டது. அறைக்குள் ஆளுயரத்துக்குப் பற்றை. அந்தக் குடும்பம் பின்னாலுள்ள கொட்டிலிலோ, பெற்றோர் வீட்டின் விறாந்தையிலோ படுக்கிறது.

அரசாங்கமும் வீடு கட்டுவோரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்ற கேள்விக்கு இப்படியான ஒரு வளவே போதிய பாடம். நடுவில் உள்ள வீடு ஏன் முடிந்தது, முன்னால் உள்ளது ஏன் முடியவில்லை?

கொட்டிலின் கதை சுருக்கமானது. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் கொடுத்த 25,000 ரூபா, இந்தியா அனுப்பிய கூரைத் தகரம், குடும்பத்துக்கு எட்டுப் பை சீமெந்து, ஒரு தறப்பாள். மழைக்கு ஒதுங்க அது போதும்.

நடுவீட்டின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2010 ஜூனில் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் முன்னோடித் திட்டமாக, நிறுவனத்தையும் கொந்தராத்துக்காரரையும் வைத்துக் கட்டப்பட்டன. 2010 நவம்பரில் அரியாலையில் தொடங்கிய வேலை 2012 ஜூலையில்தான் முடிந்தது. ஆயிரம் வீட்டுக்கே இவ்வளவு காலம் என்றால் ஐம்பதாயிரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் முறையையே மாற்றினார்கள். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வடக்கு, கிழக்கில் 45,000 வீடுகள். பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும், வீட்டை அவரே கட்டவேண்டும். புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். ஐ.நா. ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கங்கள், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, ஹபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி ஆகிய நான்கும் களத்தில் நின்று வழிகாட்டின.

அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று, கூரை ஏறினால் மற்றொன்று. ரீ.ஓ. எனப்படும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் காசு விழும். அந்த நாட்களில் வன்னியில் இரண்டு பேர் சந்தித்தால் கேட்பது "உங்களுக்கு எத்தினையாம் கட்டம்?" என்பதாகத்தான் இருந்தது. கட்டுமான வேலையையே அறியாத பெண்கள், கணவனை இழந்தவர்களும் காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவியரும், சீமெந்துக் கலவை விகிதத்தைப் பற்றி மேசனோடு வாதிட்டார்கள். கல் அரிய அச்சு வாங்கி வளவுக்குள்ளேயே கல் அரிந்தார்கள். லொறி மணலில் களி கலந்திருக்கிறதா என்று தண்ணீர்ப் போத்தலில் குலுக்கிப் பார்த்தார்கள். சொந்தக் காசு போகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர் யார்?

ஒரு திட்டத்தை மெச்சும்போது அதன் பின்பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஐந்தரை இலட்சத்தில் 550 சதுர அடி வீட்டை முடித்தவர்கள் இருக்கிறார்கள். முடிக்க முடியாமல் நகையை அடைவு வைத்தவர்கள் அவர்களைவிட அதிகம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, கூரை மரம் கிடைக்கவில்லை. கொடுக்கும் தொகை மட்டும் ஏறவில்லை. வங்கியும் நகையும் கைவிட்ட இடத்தில் நுண்கடன் நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. அந்தக் கடன்களுக்கு வீடு மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. பயிர் அழிவும் தொழிலின்மையும் சேர்ந்தே கழுத்தை நெரித்தன. ஆனால் 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது என்றால், நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

சொன்ன அளவுக்குக் கட்டியிருந்தால் கடன் வந்திராது, ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டினார்கள் என்று அதிகாரிகள் அப்போது குறைப்பட்டுக்கொண்டார்கள். பாதி உண்மைதான். ஆனால் இந்த மண்ணில் வீடு என்பது பெரும்பாலும் மகளுக்குப் போவது. கட்டும்போதே அடுத்த இருபது வருடத்தை மனதில் வைத்துத்தான் அத்திவாரம் வெட்டுவார்கள். சாமியறையும் அகன்ற விறாந்தையும் இல்லாத வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, அதை மீறியதற்குப் பயனாளியைக் குற்றம் சொல்வதில் நியாயம் குறைவு. பயனாளிகளைத் தெரிவுசெய்த புள்ளித் திட்டத்தின் கோளாறும் சேர்ந்தது. குடும்ப உறுப்பினர் தொகைக்குப் புள்ளி என்றால், போரில் குடும்பத்தையே பறிகொடுத்துத் தனியாக மிஞ்சியவருக்குப் புள்ளி குறையத்தானே செய்யும்?

இவ்வளவு குறைகளோடும் அந்த வீடுகள் எழும்பின, சனங்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். காரணம், வீட்டைக் கட்டுபவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் திட்டம் சரியான விடையை வைத்திருந்தது. வன்னியில் வீடு கட்டும் தொழில்துறை என்று தேடினால் கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் நிறுவனம் எதுவும் அகப்படாது. இங்கே அந்தத் தொழில்துறை என்பது குடும்பத் தலைவி, அவர் பேசிப் பிடித்த மேசன், இரண்டு கூலியாட்கள், கல் அரிபவர், தச்சர், உழவு இயந்திரப் பெட்டியில் மணல் ஏற்றி வருபவர், சீமெந்தைக் கடனுக்குத் தரும் விசுவமடுக் கடைக்காரர். அரசாங்கம் கைகோக்கவேண்டிய 'கட்டுநர்' இவர்கள்தான். இவர்களுக்குப் பதிவு இலக்கம் இல்லை, கேள்விமனுப் போடத் தெரியாது. அதனால் கோப்புகளில் இவர்கள் கட்டுநராகப் பதிவதே இல்லை. பயனாளி என்று மட்டும் பதிகிறார்கள். கை நீட்டி வாங்குபவர் என்ற கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரரே கட்டும் முறையை உலகத்துக்குக் காட்டிய நாடுகளில் இலங்கை முன்வரிசையில் உள்ளது. 1978இல் அப்போதைய பிரதமர் ரணசிங்க பிரேமதாச தொடங்கிய ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கமே முன்னின்று கட்டியது. செலவு தாங்கவில்லை. 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது அரசாங்கம் பின்னுக்கு நகர்ந்து, சிறு கடனும் வழிகாட்டலும் கொடுத்து, கட்டும் பொறுப்பைக் குடும்பங்களிடம் விட்டது. வீடற்றோருக்கென ஒரு சர்வதேச ஆண்டு வேண்டும் என்று 1980இல் ஐ.நா. சபையில் கேட்டவரும் பிரேமதாசதான். 1987 அவ்வாண்டாக அனுசரிக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் இலங்கைக்கு வந்து பாடம் படித்துப் போன காலம் அது. வடக்கு அப்போது போருக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது வேறு கதை.

முப்பது வருடம் கழித்து அந்தப் பாடம் கொழும்பிலேயே மறந்துபோயிற்று. 2015இன் பிற்பகுதியில் மீள்குடியேற்ற அமைச்சு 65,000 வீடுகளுக்கான திட்டத்தை முன்வைத்தது. ஆர்செலர்மிட்டல் என்ற உலகப் பெரும் உருக்கு நிறுவனம் தெரிவாயிற்று. ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. சனங்கள் அதற்கு 'பொருத்து வீடு' என்று பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளை நிறுத்திக் காட்டினார்கள். பார்க்கப் போனவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். விறகடுப்புக்குப் புகைபோக்கி எங்கே என்று கேட்டார்கள். நாளைக்கு ஒரு அறை இறக்கவேண்டுமென்றால் எதில் இறக்குவது, உப்புக்காற்றில் எத்தனை வருடம் தாங்கும், உடைந்தால் திருத்த எந்த மேசன் வருவான் என்று கேட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் ஏறத்தாழ இதையே தொழில்நுட்ப மொழியில் சொன்னார்கள். வடமாகாண சபை எதிர்த்தது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள் பொருளியலாளர்கள். திட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் கைவிடப்பட்டது.

அதோடு விட்டார்களா? 2018 ஏப்ரலில் 40,000 வீடுகள் சீன ரயில்வே பெய்ஜிங் பொறியியல் குழுமத்துக்குப் போயின. முப்பது கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம், சீன எக்சிம் வங்கிக் கடன். கொங்கிறீற் பலகை வீடு வேண்டாம், கல்வீடு வேண்டும் என்று சனங்கள் சொல்ல அதுவும் நின்றது. ஒக்டோபரில் 28,000 வீடுகளை இந்திய நிறுவனமொன்றும் இரு உள்நாட்டு நிறுவனங்களும் 3,580 கோடி ரூபாவுக்குக் கட்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த மாத இறுதியில் கொழும்பில் ஆட்சியே ஆட்டம் கண்டது. மூன்று வருடங்கள் இப்படிக் கேள்விமனுவிலும் அமைச்சரவைப் பத்திரத்திலும் கழிந்தன. சனங்கள் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்களால் கட்டவும் திருத்தவும் கூடிய வீட்டைக் கேட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இடமே இல்லை என்பதும் என் வாதமல்ல. மாடி வீட்டுத் தொகுதிக்கு அவை தேவை. கால் ஏக்கர் வளவில் தனி வீடு கட்டும் ஊருக்கு அவை தேவையில்லை.

இனி முன்பக்கத்து வீட்டுக்கு வருவோம். 2018, 2019 ஆண்டுகளில் தேசிய வீடமைப்பு அதிகார சபை 'செமட்ட செவண' வேலைத்திட்டத்தின் கீழ் நாடெங்கும் மாதிரிக் கிராமங்களையும் தனி வீடுகளையும் தொடங்கியது. வடக்கிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கடிதம் கிடைத்தது. இதுவும் சொந்தக்காரர் கட்டும் முறைதான், தவணைக் கொடுப்பனவுதான். இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் அத்திவாரம் போட்டவர்களும் உண்டு. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. தவணைகள் நின்றன. முதல் தவணையோடு நின்றவர்கள், இரண்டாவதோடு நின்றவர்கள், அடுத்த கட்டத்துக்குக் காசு வரும் என்று நம்பிக் கடையில் கடனுக்குச் சீமெந்து எடுத்தவர்கள் என்று பலர் நட்டாற்றில் விடப்பட்டார்கள். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பதாகை பிடித்தும் பார்த்தார்கள். நிதி இல்லை என்பதே பதில். முந்தைய அமைச்சர் தொடங்கிய திட்டம், அடுத்தவர் ஏன் முடிக்கவேண்டும் என்ற அரசியல் கணக்கு அதற்குப் பின்னால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பக் கடினம்.

பிறகு 2022 வந்தது. முந்தைய வருடம் ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்ற சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தொட்டது. கம்பி விலையைக் கேட்கவே பயம். அன்று நிலுவையாக நின்ற தவணையை இன்று அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் அதில் கூரை ஏறாது.

இந்த இடத்தில்தான் பெரிய கொந்தராத்துக்காரருக்கும் உடையார்கட்டுத் தாய்க்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்யும் கட்டுமான நிறுவனத்துக்கு விலைத் தளம்பல் சூத்திரம் என்று ஒன்று உண்டு. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டியை வைத்து, சீமெந்தும் கம்பியும் ஏறினால் அதற்கேற்பக் கொடுப்பனவும் ஏறும். கொடுப்பனவு தாமதித்தால் வட்டி கேட்க ஒப்பந்தத்தில் இடமுண்டு. பிணக்கென்றால் நடுத்தீர்ப்புக்குப் போகலாம். தன் வீட்டைத் தானே கட்டும் குடும்பத்துக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அந்தக் குடும்பம் கையெழுத்திடும் பத்திரத்தில் அதன் கடமைகள் வரிசையாக இருக்கின்றன: இத்தனை நாளில் முடிக்கவேண்டும், அளவை மீறக்கூடாது, விற்கக்கூடாது. அரசாங்கத்தின் கடமை என்று அதில் ஒரு வரி வரவேண்டாமா? அதே விலைச் சுட்டியை வீட்டுத்திட்டத் தவணைகளுக்கும் பொருத்துவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. மனம் இல்லை, அவ்வளவுதான்.

மணல் விடயமும் அப்படித்தான். வீட்டுக்குக் காசு கொடுப்பது ஒரு திணைக்களம், மணலுக்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், மரத்துக்கு வனத் திணைக்களம், பனை தறிக்க இன்னொரு அனுமதி, காணிப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகம். கடிதம் கையில் கிடைத்த பயனாளி ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி, கடைசியில் இரவில் வரும் டிப்பரிடம் இரட்டை விலைக்கு மணல் வாங்குகிறார். ஆற்றைத் தோண்டுகிறார்கள் என்று பகலில் கூட்டம் வைத்து வருந்துவதும், இரவில் அந்த மணலில்தான் அரச திட்ட வீடு எழும்புவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ்தான் நடக்கிறது. பிரதேச செயலகப் பிரிவுக்கு இத்தனை வீடு என்று முடிவாகும்போதே அதற்கு இத்தனை கியூப் மணல், எந்த இடத்தில் அள்ளுவது, யார் ஏற்றுவது என்று முடிவு செய்து, வீட்டுக் கடிதத்தோடு மணல் அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தால் ஆறும் தப்பும், விலையும் இறங்கும்.

காணியும் அதேபோல. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களால் உருவானது. விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் மிளகாய் போட்டுப் பேரெடுத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இப்போது குடும்பமாகிவிட்டார்கள். அனுமதிப் பத்திரம் தாத்தாவின் பெயரில் இருக்கும், தாத்தா உயிரோடு இருக்கமாட்டார், பத்திரம் போரில் போயிருக்கும். பிரிக்கப்படாத காணியில் வீட்டுத்திட்டம் இல்லை என்பார்கள். காணிக் கச்சேரி நடத்துவதை வீட்டுத்திட்டத்தின் முதல் தவணையாக நினைத்தால் என்ன?

சூழலுக்கு இசைந்த வீடு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். வன்னியில் அதற்கு முதற்பொருள் வெயில். தகட்டுக் கூரைக்குக் கீழே வைகாசி மாத மத்தியானத்தில் ஒருவர் பத்து நிமிடம் இருந்து பார்க்கட்டும். கூரைக்கு ஓடா தகடா என்பதைத் தொகை தீர்மானிக்கிறது. தொகை குறைந்தால் தகடு, பிறகு ஆயுள் முழுக்க மின்விசிறிக் கட்டணம். இரண்டாவது வெள்ளம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் ஏறிய வீடுகளில் புது வீடுகளும் இருந்தன. அத்திவாரத்தை ஓரடி உயர்த்த ஆகும் செலவு எந்த வரைபடத்திலும் சேர்வதில்லை. செங்கல்லைக் குத்தாக வைத்து உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். ஏறத்தாழ கால்வாசிக் கல் மிச்சம், சுவரும் சூடு கடத்தாது. வன்னியிலும் ஐ.நா. ஹபிடாட் அதை மேசன்மாருக்குப் பழக்கிப் பார்த்தது. பழகிய மேசன்மார் இருக்கிறார்கள், ஆனால் அடுத்து வந்த திட்டங்கள் அவர்களைத் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு திட்டமும் இந்த ஊரில் இதற்கு முன் யாருமே வீடு கட்டாததுபோல் புதிதாகத் தொடங்குகிறது.

ஒன்றைக் குறிப்பிடாமல் விடமுடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு மக்களுக்கு மாதிரிக் கிராமத்தில் வீடு கிடைத்தது. இருந்தும் 2017இல் அவர்கள் வீதியோரத்தில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்து போராடினார்கள். சொந்தக் காணி படையினரிடம் இருந்தது. எங்கே கட்டுவது என்பதையும் கட்டுபவரிடமே கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இப்போதும் புதிய வீட்டுத்திட்டங்கள் பற்றிய அறிவிப்புகள் வந்தபடிதான் இருக்கின்றன. அடிக்கல் நாட்டவும் திறப்புக் கையளிக்கவும் அமைச்சர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், நல்லது. ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிரதேச செயலகங்களில் பாதியில் நின்ற வீடுகளின் பட்டியல் உண்டு. கிராம அலுவலருக்கு ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று மனப்பாடம். புது அத்திவாரம் வெட்டுவதற்கு முதல், அந்த வீடுகளுக்கு மிச்சத் தவணையை இன்றைய விலையில் கணக்கிட்டு விடுவியுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் அரசாங்கம் எந்தத் திகதிக்குள் காசு போடவேண்டும், தவறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். ஆட்சி மாறினாலும் அந்தக் கையெழுத்து செல்லவேண்டும்.